ஒன்றுக்கு அறுபது

பதின்மூன்றாவது ஓவரின் இரண்டாவது பந்தை லோஜன் தடுத்து ஆடினான். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, லயத்து வரிசை வீடுகளில் யாரோ செத்துப் போயிருக்கிறார்கள்.

லோஜன் எங்கள் கீழ் டிவிசன் கேப்டன். வந்தது இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃபுல்டாஸ். அந்த மாதிரிப் பந்து கிடைத்தால் மேட்டுத் தேயிலைக்குள் தூக்கி அடித்துவிட்டுத்தான் அவன் மறுவேலை பார்ப்பான். ஜெயிக்க ஒன்பது ஓட்டம்தான் வேண்டும், கிட்டத்தட்ட மூன்று ஓவர் கையில் இருந்தது. அப்படிப்பட்டவன் தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரிப் பந்தைத் தட்டிக் காலடியில் போட்டான். எறிந்த மேல் டிவிசன்காரனும் குனிந்து எடுத்துக்கொண்டு போனான்.

வெளியாருக்கு இது விளங்காது. எங்கள் ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் பைனல் நடக்கிறபோது சாவு விழுந்தால் யாரும் ஜெயிக்கக் கூடாது. ஜெயித்தால் வெடி போடுவார்கள், ஸ்பீக்கரைத் திருகி ஆடுவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பிணம் கிடக்கையிலே மேல் டிவிசன்காரன் வெடி கொளுத்த, எங்கள் ஆள் ஒருவன் விக்கெட்டைப் பிடுங்கி அவன் மண்டையில் போட்டான். ஏழு பேருக்குத் தையல். அதிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஆட்டத்தை நிறுத்துவதும் இல்லை, ஏனென்றால் நிறுத்தினால் இன்னொரு நாள் வைக்க வேண்டும், அதற்கு யாரிடம் லீவு இருக்கிறது? இரண்டு கேப்டன்மாரின் காதிலும் விஷயத்தைப் போடுவார்கள். ஓட்டம் சமமாகிற மாதிரி ஆடி முடித்து, கோப்பையை ஆபீஸில் வைத்துவிட்டு, எல்லோரும் சாவு வீட்டுக்குப் போவோம்.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. யார் என்பதுதான் தெரியவில்லை. நான் ஸ்கோர் போடுகிறவள். கூடாரத்துக்குள் ஒரு மேசை, மேசைமேல் ஆட்டத்துக்குச் செலவு பண்ணுகிற கொழும்புக் கம்பனி கொடுத்த போன். பந்து விழுந்ததும் அதில் விரலால் அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தேன். வழக்கமாக என்னைப் பார்த்து ஏதாவது நையாண்டி பண்ணுகிற பயல்கள் எல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவராக நின்ற மத்தியாஸ் சேர், எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர், கையால் சைகை காட்டினாரே தவிர என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

ஒரு ஓட்டம். ஒன்றுமில்லை. ஒரு ஓட்டம். ஒன்றுமில்லை. பதினைந்தாவது ஓவரின் நாலாவது பந்தில் நூற்றுமூன்றுக்கு நூற்றுமூன்று ஆனது. கடைசி இரண்டு பந்தையும் லோஜன் மட்டையை நட்டு நிறுத்தினான். நான் இரண்டு பூச்சியத்தை அடித்தேன். ஆட்டம் சமநிலை என்று போன் சொன்னது.

மத்தியாஸ் சேர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஜீவராணி, எந்திரிம்மா. வீட்டுக்குப் போவோம். அப்பா."

அப்போதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான். "எப்ப தெரியும் சேர்?" என்று கேட்டேன்.

"பன்னெண்டாவது ஓவர் முடிய ஒங்க பக்கத்து வீட்டு மீனம்மா போன் பண்ணுச்சு. நீ எந்திரிச்சுப் போயிட்டா கணக்குச் சரியா வராது. அதான் சொல்லல."

என் அப்பா செத்ததற்கான மரியாதையை நானே உட்கார்ந்து பந்து பந்தாக எண்ணிக் கொடுத்திருக்கிறேன். இதைவிடப் பெரிய அதிர்ச்சி இனி எனக்கு வராது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எட்டாம் நாள் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பெயர் ஆண்டியப்பன். பாக்டரியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அம்மா போனபிறகு வீட்டில் அவரும் நானும் மட்டும்தான். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்க்கிறது என் வேலை. அப்பாவுக்குக் குடி கிடையாது, சண்டை கிடையாது. ரேஸ் மட்டும் உண்டு. சம்பளத்துக்கு மறுநாள் ஹட்டனுக்கு பஸ் ஏறினால் குதிரைப் பந்தயம் பிடிக்கிற புக்கிக் கடையில்தான் இறங்குவார். இங்கிலாந்தில் எங்கோ ஓடுகிற குதிரைக்கு இங்கே துண்டு எழுதிக் கொடுப்பார். அந்தக் குதிரையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. முதலில் ஸ்பீக்கர் பெட்டியில் சத்தம் மட்டும் வரும், பிறகு டிவி வந்தது. எது வந்தாலும் அப்பாவின் குதிரை மட்டும் வரவில்லை. "இது வந்துரும் புள்ள" என்று சொல்லி அவர் வைத்த குதிரைகள் எல்லாம் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நான் கேலி பண்ணுவேன்.

போன வருடம் நெஞ்சு வலி என்று கிளினிக்கில் காட்டினோம். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இந்த உடம்போடு மழையில் ஹட்டனுக்கு அலைகிறாரே என்று, போனில் பந்தயம் பிடிக்கிற செயலியை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். ஆமாம், நானேதான். வீட்டோடு கிடப்பார் என்று பெரிய புத்திசாலி மாதிரி நினைத்தேன்.

அதில் குதிரை மட்டும் இல்லை. கிரிக்கெட், கால்பந்து, யார் எங்கே விளையாடினாலும் உண்டு. புக்கிக் கடையில் துண்டு எழுதிக் கொடுத்தால் அதோடு சரி, குதிரை ஓடி முடியும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இங்கே ஆட்டம் நடக்கிறபோதே வாங்கலாம், விலை ஏறினால் விற்கலாம். அப்பா இரண்டே வாரத்தில் படித்துவிட்டார். "சந்தையில கரட் வெல மாதிரிதான் புள்ள. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. வண்டி கொழும்புக்குப் போறதுக்குள்ள வித்துரணும்" என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

இந்த வருடத் தொடக்கத்தில்தான் பிரதாப் வந்தான். ஹட்டன் பையன், கொழும்பில் ஏதோ விளையாட்டுக் கம்பனியில் வேலை. எங்கள் டோனமெண்டுக்கு ஜெர்சி தந்தான், கேமரா வைத்தான், ஸ்கோர் போட எனக்கு ஆட்டத்துக்கு மூவாயிரம் ரூபாய் தந்தான். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் பார்க்கத்தான் என்றான். நம்பினேன். இரண்டாவது வாரம் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கே ஓடி வந்தார்.

"இங்க பாரு புள்ள. நம்ம தோட்டம். ஊசிப்பாறை மேல், ஊசிப்பாறை கீழ். நீ அடிக்கிற ஒவ்வொரு பந்தும் இதுல வருது. எவன் எவனோ நம்ம லோஜன் மேல காசு கட்டுறான்."

லயத்துப் பயல்கள் ஞாயிற்றுக்கிழமை ரப்பர் பந்தில் விளையாடுகிறதை வைத்து, முகம் தெரியாத ஊர்களில் யாரோ லாபம் நட்டம் பார்க்கிறார்கள். பிரதாப்பைக் கேட்டபோது, "எல்லா ஊர்லயும் இப்புடித்தான்க்கா, அந்தக் காசுலதான் உங்க ஜெர்சி" என்று சொல்லிவிட்டான். விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மூவாயிரம் இனித்தது. அப்பாவிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன், நான் ஸ்கோர் போடுகிற ஆட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று. "நான் என்னா பைத்தியமா?" என்றார்.

எட்டாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பிரதாப் வந்தான். துக்கம் கேட்க வந்திருக்கிறான் என்று பாயைப் போட்டேன். அவன் உட்கார்ந்தான், தண்ணீர் வேண்டாம் என்றான், போனை எடுத்தான்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா கொழும்புல நெருக்குறாங்க. பைனல் சமனா முடிஞ்சிச்சில்ல?"

"ஆமா தம்பி."

"சமனுக்கு ஒண்ணுக்கு அறுவது போய்க்கிட்டிருந்துச்சு. எவனும் அதுல கை வைக்க மாட்டான். ஒரே ஒரு ஆள் மட்டும் பதினஞ்சாயிரம் கட்டியிருக்காரு. ஒம்பது லட்சம் வரணும். வீடியோவப் போட்டுப் பார்த்தா சின்னப் புள்ளைக்கும் தெரியும், கடைசி மூணு ஓவரும் வேணும்னே ஆடியிருக்காங்க. லோஜனோட பேர மேல அனுப்பப் போறாங்க. அனுப்பிட்டா அவனுக்கு எங்கயும் வெளாட ஏலாது. உங்க பேரும் பொலிசுக்குப் போகும்."

"என் பேரு எதுக்கு?"

அவன் போனை என் பக்கம் திருப்பினான். பந்தயம் கட்டியவர் பெயர் இருந்தது. ஆண்டியப்பன்.

அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஸ்கோர் போட்டது மகள், காசு கட்டியது அப்பா, இதற்கு என்ன பதில் சொல்லட்டும் என்கிற மாதிரி ஏதோ. எனக்கு வந்ததெல்லாம் அப்பா மேல் கோபம்தான். சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் என் ஆட்டத்திலேயே கை வைத்திருக்கிறார். செத்த மனிதரைத் திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பையன்களின் பெயர் கெடக் கூடாது. அதனால் வழக்கத்தை முழுக்க அவனுக்குச் சொன்னேன். வெடி, மண்டை உடைந்தது, ஏழு பேருக்குத் தையல், கேப்டன்மாரின் காதில் போடுவது, எல்லாம். "யாரும் யார்கிட்டயும் காசு வாங்கல தம்பி. அப்பா செத்துட்டாருன்னுதான் அப்புடி ஆடுனாங்க. மத்தியாஸ் சேரக் கேளு. அப்பா சும்மா ஏதோ குருட்டாம்போக்குல கட்டியிருப்பாரு."

பிரதாப் போனைத் திரும்பப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்பா எறந்தது எத்தன மணிக்குக்கா?"

"மூணு பத்துக்குன்னு மீனம்மாக்கா சொன்னாங்க."

"காசு கட்டுனது ரெண்டு நாப்பத்தொண்ணுக்கு."

நான்தான் ஸ்கோர் போட்டவள். இரண்டு நாற்பத்தொன்று என்றால் நாலாவது ஓவர். கீழ் டிவிசன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. யாரும் சாகவில்லை. சமநிலை என்று நினைக்க உலகத்தில் ஒருவனுக்கும் காரணம் இல்லை.

அடுத்த காம்பராவில்தான் மீனம்மா அக்கா இருக்கிறார். எட்டு நாளும் எனக்குச் சோறு ஆக்கிப் போட்டவர். கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, அன்னைக்கு அப்பாவுக்கு எத்தன மணிக்கு வலி வந்துச்சு?"

மீனம்மா என்னையும் பிரதாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ பத்து மணிக்குக் கிரவுண்டுக்குப் போனியே, அதுக்குப் பொறகே நெஞ்சத் தடவிக்கிட்டுத்தான் இருந்தாரு. ரெண்டு ரெண்டரை இருக்கும், வேர்த்து ஊத்துச்சு. நான் ட்ரைவரக் கூப்புடுறேன்னேன். வேணாம், ஆட்டம் முடியட்டும்னாரு. போனத் தூக்கி ஏதோ அமுத்திக்கிட்டிருந்தாரு. ஒனக்குத்தான் சொல்றாராக்கும்னு நெனச்சேன்."

"மாத்திரை?"

"எடுத்துக் குடுத்தேனே. வாயில போடச் சொன்னேன். கையில வாங்கிக்கிட்டாரு. அப்பறம் கண்ணு மங்குதுன்னு சொல்லி, மீனம்மா, இதுல எத்தனாவது ஓவர்னு பாருன்னாரு. ஒம்போதுன்னேன். கொஞ்ச நேரஞ் செண்டு திரும்பக் கேட்டாரு. பதினொண்ணுன்னேன். நீ ஸ்கோர் போடுறத நடுவுல குழப்ப வேணாம்னுதான் பொறுக்குறாருன்னு நெனச்சேன் ஜீவா. சத்தியமா அப்புடித்தான் நெனச்சேன். மாத்திரையப் போடுங்க அண்ணேன்னு கெஞ்சுனேன். இந்த ஒரு தடவ வுடு மீனம்மா, இது வந்துரும்னாரு."

அதைச் சொல்லிவிட்டு அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு இன்னொன்றையும் சொன்னார்.

"ஒங்கிட்ட சொல்லல. குளிப்பாட்டுறப்ப கைய விரிச்சோம். மாத்திரை உள்ளங்கையிலதான் இருந்துச்சு."

பிரதாப் போனைக் கவிழ்த்து வைத்தான். "அப்ப அவரு, அவரோட சாவு மேலயா?" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

ஆமாம், அதன்மேல்தான். வேறெதன்மேல்? அப்பாவுக்கு வழக்கம் தெரியும். உடம்பும் தெரியும். ஆட்டம் முடிவதற்குள் செத்தால் ஒன்றுக்கு அறுபது, சாகாவிட்டால் பதினைந்தாயிரம் போச்சு, அவ்வளவுதான் கணக்கு. நான் கூடாரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தாக அடிக்க அடிக்க, அவர் இந்தப் பாயில் படுத்துக்கொண்டு என் விரலைத்தான் பார்த்திருக்கிறார். நான் ஓவரை முடிக்க முடிக்க அவருக்கு நேரம் குறைந்திருக்கிறது. கொஞ்சம் மெதுவாகப் போ என்று எந்த மகளைப் பார்த்தாவது எந்த அப்பனாவது இப்படி நினைத்திருப்பானா?

எனக்காகத்தான் செய்தார் என்று நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. ஒன்பது லட்சம் இருந்தால் நாங்கள் கட்டத் தொடங்கிப் பாதியில் நிற்கிற வீட்டுக்குக் கூரை போடலாம். ஆனால் எனக்கு அவரைத் தெரியும். கூரையை நினைத்த மனிதர் என்றால் என் பெயரை ஒரு தடவையாவது சொல்லியிருப்பார். மீனம்மாவிடம் கேட்டேன். சொல்லவில்லை என்றார். அவருக்கு ஒரு குதிரை வர வேண்டும். நாற்பது வருடத்தில் ஒன்றாவது வர வேண்டும். வேறு குதிரை கிடைக்காமல் தன்னையே ஓட விட்டிருக்கிறார்.

"காசு வருமா தம்பி?" என்று கேட்டது மீனம்மா. நான் இல்லை.

"இல்லக்கா. அந்த ஆட்டத்துப் பந்தயத்தையே அன்னைக்கே ரத்துப் பண்ணிட்டாங்க. கட்டுனவங்களுக்குக் கட்டுன காசு மட்டும் திரும்ப வரும். பதினஞ்சாயிரம்."

இதற்குத்தான் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். என்னை மீறி ஒரு சிரிப்பு வந்தது. மீனம்மா பயந்துபோய் என் தோளைப் பிடித்தார்.

பிரதாப் வெளியே போய் கொழும்புக்குப் பேசினான். வாழைமரத்தடியில் நின்று பாதி சிங்களத்திலும் பாதி இங்கிலீஷிலும் நடந்ததைச் சொன்னான். நடுவில் ரொம்ப நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். லோஜன் தப்பித்தால் போதும் என்று நான் வாசலில் நின்றேன். போனை வைத்துவிட்டு வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"லோஜன் பேர் போகாதுக்கா. உங்க பேரும் போகாது. அவங்களுக்கு வெளங்கிருச்சு."

"நல்லது தம்பி."

"இன்னொண்ணு சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல, அவங்க சொல்லச் சொன்னது. இப்புடி ஒரு வழக்கம் இருக்குன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா வெலையச் சரியா வச்சிருப்பாங்களாம். அதனால இனிமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால லயத்துல யாருக்காவது ரொம்ப முடியாம இருக்கான்னு ஒரு மெசேஜ் போடணுமாம். யாரு, என்னா நோய் வருத்தம், எத்தன நாளா. அவ்வளவுதான். அதுக்குத் தனியா ரெண்டாயிரம்."

செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் வாயில் வந்ததைக் கொண்டு திட்டியிருக்க வேண்டும். தோட்டத்தில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. ஆனால் நான் நின்றது நின்றபடி நின்றேன். ஏனென்றால் அவன் சொல்லி முடிப்பதற்குள் என் மனம் லயத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. முதல் காம்பராவில் சிறுநீரகம் பழுதான பெரியவர், வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. நாலாவதில் சீனி வியாதியில் கால் எடுத்தவர். கோயிலடியில் படுத்த படுக்கையாக ஒருத்தி, ஆறு மாதமாக. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எண்ணினேன். யார் எத்தனை நாள் தாங்குவார்கள் என்றுகூட எண்ணினேன்.

பக்கத்தில் மீனம்மா இருமினார். கொஞ்ச நாளாகவே இருமிக்கொண்டுதான் இருக்கிறார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"என்னா ஜீவா, அப்புடிப் பாக்குற?" என்றார்.

எத்தனை நாளாக்கா இந்த இருமல் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் யார் கேட்கிற கேள்வி அது என்று புரிந்தது. இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.